தூசி படாத காமிரா

தானியேல் அண்ணாச்சி ஒரு சபதம் எடுத்தார். ஆடிக் காற்று அடங்குகிற வரைக்கும் காமிராவை வெளியே எடுப்பதில்லை. ஆடி போனது, ஆவணியும் போனது, ஐப்பசி மழையே வந்துவிட்டது. காமிரா வெளியே வரவில்லை.

மதுரையில் ஆசை ஆசையாக வாங்கிய பெட்டிக் காமிரா அது. கடைக்காரரே பிலிம் போட்டுக் கொடுத்தார். ஆனால் போடியில் இறங்கியதுமே போட்டோ ஸ்டூடியோ தங்கபாண்டியன் அவரைப் பயமுறுத்திவிட்டார். தூசி பட்டால் கண்ணாடி கீறிவிடுமாம், மலைப்பனி பட்டால் உள்ளே பூசணம் பூத்துவிடுமாம். போதாதா? காமிராவுக்கு பிளானல் துணி, அதன்மேல் மெழுகுத்துணி, அப்புறம் பிஸ்கட் டின். டின்னையும் சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைத்துவிட்டார்.

உள்ளே ஈரம் ஏறியதா என்று பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? அண்ணாச்சி ஏலக்காய் வியாபாரி. காயைக் கையில் ஏந்தியே ஈரத்தைச் சொல்லிவிடுவார். ஈரம் ஏறினால் எடை ஏறும். அதே வித்தைதான் காமிராவுக்கும். தினமும் காலையில் முற்றத்து வெயிலில் நின்று, மூட்டையை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை இறுக மூடி எடை பார்ப்பார்.

அவர் மனைவி ரெபேக்காளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தங்கச்சி செல்லக்கனி கல்யாணம் முடிந்து ஆடிக் கடைசியில் கொழும்புக்குக் கப்பலேறப் போகிறாள். இனி எந்தக் காலத்தில் வருவாளோ. அவள் முகம் படத்திலாவது கூட இருக்க வேண்டும்.

"ஒரே ஒரு படம்ங்க. அவ போயிட்டா நான் யாரைப் பாக்க?"

"தெருப்புழுதி பூரா நம்ம வீட்லதான் கெடக்கு. காத்து அடங்கட்டும்."

"காத்து அடங்குறப்ப அவ கொழும்புல இருப்பா."

"லெட்டர் போடு."

அதற்கப்புறம் ரெபேக்காள் கேட்கவே இல்லை. அண்ணாச்சி பயந்திருக்க வேண்டிய இடம் இது. பாவம், சந்தோஷப்பட்டார்.

அடுத்த நாள் அவர் ஏலக்காய் வாங்கப் போடிமெட்டுக்குப் போய்த் திரும்பினால், கடையில் ஒரு ராத்தல் எடைக்கல்லைக் காணோம். நிறுவை பார்க்கும் சுருளியை வாய்க்கு வந்தபடி ஏசினார். செல்லக்கனி கப்பலேறினாள். மழை கொட்டியது. மூட்டையின் எடையோ குன்றிமணி கூடவில்லை. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

ஒருநாள் தங்கபாண்டியன் ஒரு கவரோடு கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, உங்க காமிரா பிலிம் கழுவியாச்சு. எட்டுப் படமும் பளிச்சுன்னு விழுந்துருக்கு."

ஆள் மாறிக் கொண்டுவந்துவிட்டார் என்று அண்ணாச்சி சிரித்தார். கவரைப் பிரித்தார். செல்லக்கனி சிரிக்கிறாள். செல்லக்கனி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார்.

சாக்கைக் கிழித்தார். டின்னைத் திறந்தார். மெழுகுத்துணி, பிளானல், அதற்குள்ளே தாலாட்டாத குறையாகப் படுத்திருந்தது காணாமல்போன ராத்தல் கல்.

"காமிரா எங்க?"

ரெபேக்காள் அடுப்படியில் இருந்த காணிக்கை அரிசிப் பானையைக் காட்டினாள். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் போடுகிற பானை.

"கோயில் அரிசியில நீங்க கை வைக்க மாட்டீகள்ல. அரிசி ஈரத்தையும் இழுத்துக்கிடும்."

எடுத்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"எடை எப்படிடி அச்சா ஒத்து வந்துச்சு?"

"நானும் ஏலக்கா வியாபாரி மகதான. தராசுல வச்சுப் பாத்தேன். கடைசிப் படத்தைப் பாத்தீகளா? அதுதான் நான் எடுத்ததுலயே நல்லா விழுந்துருக்காம். கல்லைக் கடையில வச்சுட்டு, வரும்போது ஒரு பிலிம் வாங்கியாங்க."

எட்டாவது படத்தை எடுத்துப் பார்த்தார். முற்றத்து வெயிலில், கண்ணை இறுக மூடி, முகமெல்லாம் நிம்மதியாக, தானியேல் அண்ணாச்சி தன் கடை எடைக்கல்லைத் தூசி படாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.