கேள்வித்தாள் வீட்டு வாசல்

முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவரையும் நிம்மதியாகத் தெருவில் நடக்கவிடாத மனிதர் மதுரையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தல்லாகுளம் தெருவில் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவுக்கு அவர் கேள்வித்தாள்.

காலையில் கேட்டுக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் பரீட்சை தொடங்கிவிட்டது என்று பொருள். பார்சல் கொடுக்க வந்த இளைஞன்தான் பெரும்பாலும் முதலில் மாட்டுவான்.

"மாப்ள, வீட்டுல ஃபியூஸ் போயிருச்சு. என்ன செய்வ?"

"ஈபிக்குப் போன் போடுவேன் சார்."

"போன்ல சார்ஜ் இல்ல."

"சார்ஜ் போட்டுட்டுப் பேசுவேன்."

"கரண்டே இல்லங்குறேன், எதுலடா சார்ஜ் போடுவ? ஃபெயில்! அடுத்த ஆளு வா."

ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொள்ள நின்ற கூட்டத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். கள்ளழகர் ஆற்றில் இறங்கிய அன்று என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. அதற்கு முந்தின நாள், எதிர்சேவை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்தான். கேள்வித்தாள் அவன் மீது குனிந்து கேட்டார்: "ஏம்ப்பா, ஒன் ரத்த வகை என்ன?" பையன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

இவரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர் ராஜம்மா அக்கா. கணவர் ஒருவனைக் கேள்வி கேட்டு முடிப்பதற்குள், "வாப்பா, உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போ" என்று பின்வாசல் வழியாக அழைத்துப் போய்விடுவார். வாசலில் நிழல் தட்டினால் போதும், யார் என்று பார்க்காமலே "வாங்க" என்பார். ஒருமுறை மாடு ஒன்று கேட்டுக்குள் தலையை நீட்டியபோதும் அதே வரவேற்புதான்.

மாடிக்கு நிவேதா குடிவந்தாள். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வந்த அன்றே, "அங்கிள், சாவி?" என்றாள்.

"அங்கிள்னா என்ன முறை? பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா?"

நிவேதா வெகுநேரம் யோசித்தாள். "ஹவுஸ் ஓனர்" என்றாள்.

வைகாசியில் வந்தது வினை. தண்ணீர் மோட்டாரைப் போட்டவள், தொட்டி நிறைந்ததும் தானாக நின்றுவிடும் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டாள். அவள் இருந்த ஹாஸ்டலில் அப்படித்தான் நிற்குமாம். மொட்டைமாடியில் ராஜம்மா அக்கா காயவைத்திருந்த வடகமெல்லாம் பழையபடி கூழாகிவிட்டது.

"மோட்டாரை நிறுத்தத் தெரியாத தலைமுறை! காலி பண்ணச் சொல்லிரப் போறேன்" என்று குதித்தார் கேள்வித்தாள். சொல்லியும் விட்டார், ஆனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், என் கண்ணெதிரே. ஆனியிலும் ஆடியிலும் வீடு மாறக் கூடாது என்பதால் ஆவணி பிறந்ததும் போய்விட வேண்டும் என்று தீர்ப்பு. துரத்துவதிலும் முறை தவறாதவர். நிவேதாவுக்கு முகம் செத்துப்போயிற்று. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது எம்புட்டுப் பாடு என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராஜம்மா அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். வாசலில் நான் கண்ட காட்சியில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. அழுது வீங்கிய கண்களோடு நிவேதா கேட்டருகே நின்று, வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. வாங்கக்கா. உள்ள வாங்க."

துஷ்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. வந்தவர்களும் போகும்போது சொல்லிக்கொள்வதில்லை. இது தெரியாத ஒரு பெரிய மனுஷி மதுரையில் இருக்க முடியும் என்று அன்று வரை நான் நம்பியதில்லை. மாலையோடு வந்த ஒருவர் உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று தெரியாமல் திகைத்து நின்றார்.

கேள்வித்தாளின் அக்கா, வண்டியூர்க்காரர், பாய்ந்து வந்தார். "அடியேய், யாருடி நீ? எழவு வீட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னுக்கிட்டு! கல்யாணமா நடக்குது இங்க? இந்த வயசுக்கு இதுகூடவாடி தெரியாது?"

நிவேதா வெடித்தாள்.

"யாரு எனக்குச் சொல்லிக்குடுத்தா? துஷ்டின்னா எங்க வீட்டுல என்னையக் கூட்டிட்டே போகமாட்டாங்க. 'ஒனக்குப் பரீட்சை இருக்கு, படி'ன்னு விட்டுட்டுப் போயிருவாங்க. எங்க பெரியப்பா செத்தப்பக்கூட டியூஷன்லதான் இருந்தேன். எதுக்கும் பக்கத்துலயே விடாம வளத்துட்டு, இப்ப ஒண்ணும் தெரியலன்னு என்னையவே வையிறீங்க!"

பிள்ளை பெற்றவர்கள் அங்கே ஏராளமாக இருந்தோம். எல்லோர் பார்வையும் கேள்வித்தாள் பக்கம் திரும்பியது. தலைமுறை முழுவதையும் ஃபெயிலாக்கியவர் அல்லவா? அவர் மனைவியின் உடலருகே இருந்து மெல்ல எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அக்கா, விடு. அவ சொல்லட்டும்."

"டேய், முறைன்னு ஒண்ணு இருக்குடா!"

"இருக்கு. யாரு இல்லன்னா? இந்த வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்னவ உள்ள படுத்திருக்கா. இனிமே சொல்றதுக்கு இந்த வீட்டுல ஆளு ஏது?" நிவேதாவைப் பார்த்தார். "நீ சொல்லு தாயி."

மாலைக்காரர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள். வாழ்நாளில் அப்படி ஒரு துஷ்டிக்குப் போயிராத அந்த மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல், "வாரேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆவணி பிறந்தது. முதல் ஞாயிறு, நிவேதா அட்டைப்பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கேள்வித்தாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன இது?" என்றார்.

"காலி பண்ணச் சொன்னீங்கள்ல அங்கிள்."

"யாரு, நானா? எப்ப?"

"ஆனி மாசமே சொன்னீங்க."

"நான் அப்பிடியெல்லாம் சொல்ற ஆளா? பெட்டிய மேல கொண்டு போ." என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, எதையும் நாள் கிழமையோட சொல்லுவியே நீ. நான் அப்பிடிச் சொன்னேனா?"

நிவேதா, இடுப்பில் பெட்டியோடு, என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.