அத்தானின் விசில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பஸ்ஸும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அத்தானும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிற்க. போன் செய்தால் முதல் மணியிலேயே அவர்தான் பாய்ந்து எடுக்கிறார். எடுத்துவிட்டுப் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். அவர் கண்ணில் படாமல் படி.

அவர் பக்கத்து நியாயத்தை உன்னிடம் கொட்டியிருப்பார், என் பக்கத்தையும் கேள். அன்றைக்கு ஸ்டாப்பில் ஒருவர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார், கண்டக்டர் என்கிற முறையில் உன் புருஷன் இறங்கி அவரை முதலில் உள்ளே தள்ளிவிட்டு மெத்தையைத் தூக்கினார், பின் சீட்டில் இருந்த விளையாட்டு வாத்தியார் அந்த நேரம் பார்த்துத் தன் புது விசிலை இரண்டு தடவை ஊதிப் பார்த்தார், இரண்டு விசில் என்றால் கிளம்புவது டிரைவர் தர்மம், கிளம்பிவிட்டேன். டிக்கெட் எடுக்காத சந்தோஷத்தில் பயணிகள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மெத்தைக்காரர்தான் பாவம், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். அத்தான் ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு எங்களை முந்தி வந்து, நடுரோட்டில் மெத்தையும் கையுமாக நின்று மறித்தார்.

"என்னை விட்டுட்டுப் போனதுக்குக்கூட நான் கோவிக்கலடா. இத்தனை வருஷமா ஊதறேன், என் விசில் எது, ஊரான் விசில் எதுன்னு உனக்குத் தெரியலையே. இனிமே உங்கிட்ட எனக்கென்ன பேச்சு" என்றார். அன்றே டிப்போவில் சொல்லி வேறு வண்டிக்கு மாறிக்கொண்டார். எனக்கும் ரோஷம் வந்தது. போனால் போகட்டும் என்றேன்.

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது, உனக்கே தெரியும். பஸ் நிறைய ஆள் இருக்கும்போது "பிரேக் போடறியா, பழி வாங்கறியா" என்று கேட்பார். நான் லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், வெந்நீர் பாட்டிலைக் கியர் பக்கத்தில் டொக்கென்று வைப்பார், அதையும் திட்டிக்கொண்டேதான் வைப்பார். புது கண்டக்டர் தங்கமானவர். பஸ்ஸைக் குலுக்கி எடுத்தாலும் "பரவால்ல சார்" என்கிறார். திட்டு வாங்காமல் எனக்குச் சோறே இறங்கவில்லை அக்கா.

நேற்று பஸ் ஸ்டாண்டில் புது கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். சுற்றிலும் ஏகப்பட்ட விசில், எதையும் என் காது மதிக்கவில்லை. திடீரென்று பக்கத்து பஸ்ஸிலிருந்து இரட்டை விசில் கேட்டது. முதலாவதில் அதட்டல், இரண்டாவதில் அலுப்பு. உலகத்தில் வேறு யாரும் அப்படி ஊத மாட்டார்கள். என்னைக் கேட்காமலேயே என் கால் கிளட்சை விட்டது. மார்க்கெட் தாண்டித்தான் பின்னால் கண்டக்டர் இல்லை என்று தெரிந்தது.

நாளைக்கு விசாரணை. யார் விசிலுக்கு வண்டியை எடுத்தேன் என்று சொல்லாவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவ அனுப்பிவிடுவார்களாம். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர் என்று சாட்சிக்கு அத்தானையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் முன்னால் உண்மையைச் சொல்வதைவிட ஆயுசு முழுக்க பஸ் கழுவுவேன். அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது, பார்க்காவிட்டால் வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை. இது என்ன வியாதி என்று தெரியவில்லை. நீதான் எப்படியாவது அவரை என் வண்டிக்கே திரும்பி வரச் செய்ய வேண்டும். நான் கேட்டதாகச் சொல்லாதே, அவருக்கே தோன்றிய மாதிரி இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உனக்கு என் வணக்கம். அத்தானுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
யார் பக்கமும் சாராத உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது, மேலே உள்ளதை மறந்துவிடு. மேனேஜர் கேட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தான் விசில் சார், அது கேட்டா கால் நிக்காது" என்று உளறிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் கர்ச்சீப்பை எடுத்து ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்தார். எங்களைப் பழையபடி ஒரே பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். முதல் டிரிப்பிலேயே பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தார், நானும் விடவில்லை, மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது. இன்றைக்குத்தான் அக்கா வயிறாரச் சாப்பிட்டேன்.