காம்போ அண்ணனும் பதினாலு பாட்டில் பினாயிலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் என் பொறுமையைச் சோதித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஷிப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது லைனை நிறுத்திப் புது வேலை கொடுக்கிற சூப்பர்வைசர், வெயில் காலத்தில் மட்டும் மோட்டார் ரிப்பேர் என்கிற ஹவுஸ் ஓனர், கை காட்டக் காட்டக் கம்பெனி பஸ்ஸை நகர்த்துகிற டிரைவர். இத்தனை பேரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த தலைவலியை, தனி ஆளாக நின்று கொடுத்தவர் காம்போ அண்ணன். குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். யாரையும் அதிர்ந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். தள்ளுபடி விலை சூப்பர் மார்க்கெட் இல்லாத ஊரில் பிறந்திருந்தால், தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கியிருப்பார். என் கல்யாணமும் நின்றுபோகிற அளவுக்கு வந்திருக்காது.

அப்போது நான் ஒரகடத்தில், காருக்கு சீட் செய்கிற கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருந்தேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மாடி ரூம். அதில் நான், திருநெல்வேலிச் சுடலை, காம்போ அண்ணன் என்று மூன்று பேர். அண்ணனுக்குச் செய்யாறு பக்கம் சொந்த ஊர், நாற்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோரில் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. வேறு எங்கேயும் அதற்கு வேலை இருக்கவில்லை. ஷாம்பு வாங்கினால் சீப்பு, டீத்தூள் வாங்கினால் டம்ளர் என்று எதை வாங்கினாலும் காம்போ ஆஃபரில் வாங்கிவந்ததால் அந்தப் பெயர்.

பைபாஸ் ஓரம் குடோன் மாதிரி ஒரு கடை. உள்ளே ஏசி கிடையாது, பை கிடையாது, ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ கோயிலுக்கோ போவார்கள். அண்ணன் குளித்து, விபூதி வைத்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவார்.

ஒருநாள் எண்ணெய்க்கு ஆஃபர். ஒருவருக்கு மூன்று பாக்கெட் மட்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த எங்கள் இரண்டு பேரையும் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார் அண்ணன்.

"மூணு பேரும் வேற வேற கவுண்டர்ல நிக்கணும். என்னிய தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. இன்னா?"

மூன்று பேரும் ஒரே நீலச் சட்டை. ஒரே கம்பெனி பேர் நெஞ்சில். கழுத்தில் ஒரே நிறக் கயிற்றில் ஐ.டி. கார்டு.

"அண்ணாச்சி, நம்மளப் பாத்தா கண்ணு தெரியாதவன்கூட ஒரே கம்பெனின்னு சொல்லிருவான்" என்றான் சுடலை.

"நீ மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு நில்லுடா."

நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன். என் முறை வந்தது. "பை வேணுமா சார்?" என்று கேட்டது பில் போடும் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் கவுண்டரிலிருந்து ஒரு குரல், கடை மொத்தமும் கேட்கிற மாதிரி: "டேய் குமாரு! பைக்குக் காசு குடுத்துடாதடா! பை என்னாண்ட கீது!"

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையில் துவரம்பருப்பு நிஜமாகவே விலை குறைவு, கல் இருக்காது. எடுத்துப் பார்க்கலாம், திருப்பி வைக்கலாம், யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் பருப்பைத் தொட்டுப் பார்த்தாலே, வாங்கப்போறியா இல்லையா என்கிற பார்வை வரும். ஆனால் தெருமுனைக் கடைக்குச் சோப்பு வாங்கப் போனால் சோப்போடு திரும்பி வரலாம். அங்கே சோப்புக்குப் போனால் சோப்பு, சோப்புப் பெட்டி, பக்கெட், பக்கெட்டுக்கு மூடி, இத்தனையும் தூக்கிவர ஒரு ஷேர் ஆட்டோ என்று முடியும். மிச்சம் பிடித்ததை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு, அதைவிட அதிகமான சந்தோஷத்தோடு படியேறுவார் அண்ணன்.

ரூமில் நாங்கள் படுக்க இடம் குறைந்துகொண்டே வந்தது. குளியலறை ஒன்றுதான், அதுவும் மொத்த மாடிக்கும் பொது. அதற்கு அண்ணன் வாங்கி வைத்திருந்த பினாயில் பதினாலு பாட்டில். எங்கள் மூன்று பேரில் ஓட்ஸ் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. ஓட்ஸ் ஒன்பது பாக்கெட். சுடலை கால் நீட்டினால் அரிசி மூட்டை, தலையைத் திருப்பினால் துடைப்பக்கட்டு. "ஊருக்குப் போயி மாட்டுத் தொழுவத்துல படுத்தாக்கூட இதவிடக் காலை நீட்டலாம்ணே" என்று புலம்புவான்.

இதோடு விட்டிருந்தாலும் சகித்திருப்பேன். கம்பெனி ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். அண்ணன் அதை ரூமுக்கும் கொண்டுவந்தார். கம்பெனியில் பெட்டிகளில் கட்டுகிற அட்டை டேக்குகள் சட்டைப் பாக்கெட்டில் அவரோடு வீட்டுக்கு வரும். புதுச் சரக்கு என்றால் பச்சை டேக். இரண்டு மாதத்தில் கெடு முடியும் என்றால் மஞ்சள். பதினைந்து நாளுக்குள் என்றால் சிவப்பு. சிவப்பு தீராமல் மஞ்சளைத் தொடக் கூடாது, மஞ்சள் தீராமல் பச்சையைத் தொடக் கூடாது.

ஆக, சாகப்போகிற பொருளைத்தான் தினமும் சாப்பிட்டோம். பச்சை டேக்கோடு அருமையான ரவை கண்ணெதிரே இருக்கும். அதன் முறை வரும்போது அதிலும் வண்டு வந்திருக்கும். ஒருமுறை கெடு முடிய இருபது நாள் இருக்கிற சேமியா பாதி விலைக்குக் கிடைத்தது என்று முப்பது பாக்கெட் வாங்கிவந்தார். சேமியா உப்புமா, சேமியா கிச்சடி, சேமியா பாயசம், சேமியா போட்ட ரசம். அந்த மாதம் கம்பெனி கேன்டீனில் சேமியா கேசரி போட்டார்கள் என்று சுடலை தட்டை வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். மலர். செம்பரம்பாக்கம் பக்கத்து ஊர். போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. பார்த்தேன், பேசினேன், பிடித்துப்போனது. இரண்டு மாதம் போனில் பேசிய பிறகு இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்கிற இடத்துக்கே வந்துவிட்டேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும், மாப்பிள்ளை எப்படித் தங்கியிருக்கிறார் என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நியாயமான ஆசைதான். அவள் அப்பா விவசாயத்தை விட்டுவிட்டு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். வேலை முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்ப்பதுதான் அவருடைய வேலை.

"அண்ணா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. இதையெல்லாம் எங்கயாவது ஒதுக்கி வெச்சிடுங்கண்ணா" என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன்.

"கவலையே படாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். நான் பழம் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஒரு பொருள்கூட நகரவில்லை. சுவரோரமாக வரிசை பிடித்து அடுக்கி, ஒவ்வொன்றின் டேக்கும் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தார். "ஆடிட் வந்தா இப்டித்தான்டா நிறுத்துவோம். ஒரு குறை சொல்ல முடியாது" என்று பூரித்து நின்றார். அதற்குள் படியில் செருப்புச் சத்தம்.

என் சித்தப்பா முன்னால் வர, மலரின் அப்பா அம்மா உள்ளே வந்தார்கள். உட்காரச் சொன்னோம். நான் காலையிலேயே ஸ்ரீபெரும்புதூரில் வரிசையில் நின்று வாங்கிய லட்டும் காராசேவும் அலமாரியில் இருந்தன. அண்ணன் அதற்குப் பச்சை டேக் போட்டு உள்ளே தள்ளிவிட்டு, தட்டில் மிக்சரைக் கொட்டினார். பாக்கெட்டில் சிவப்பு டேக் தொங்கிக்கொண்டிருந்தது.

மலரின் அம்மா பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் படித்தார். "நாளையோட முடியுது போல?"

"நாளைக்குத்தானே முடியுது? இன்னிக்கு நல்லாத்தான் கீது, சாப்புடுங்கம்மா" என்றார் அண்ணன்.

"மூணு ஆம்பளைங்களுக்கு எதுக்குப்பா இம்மாம் பினாயிலு?"

"ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மாம்மா. கெட்டாப் போவுது?"

"நானும் ஒருவாட்டி அந்தக் கடைக்குப் போனேன். புளி வாங்கப் போயி பிளாஸ்டிக் சேரத் தூக்கினு வந்தேன். வூட்டுக்கு வந்து பாத்தா புளி வாங்கல."

"சேர் இன்னா வெல போட்டாங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார் அண்ணன்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மலரின் அப்பா எழுந்து போய் ஒரு பெட்டியின் டேக்கைக் கையில் எடுத்தார். அடுத்ததை எடுத்தார். எல்லாவற்றிலும் எங்கள் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தது. அவர் முகம் மாறியது.

"தம்பி, செவப்பு டேக்குன்னா எங்க கம்பெனில கழிச்ச சரக்கு. அத வெளிய எடுத்தா போலீசுக்குத்தான் போன் போடுவோம். இதெல்லாம் கேன்டீன் சரக்கா? எத்தினி நாளா எடுத்துனு வர்றீங்க?"

நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன். "ஐயோ, அதெல்லாம் காசு குடுத்து வாங்கினதுங்க!"

"அதானே! பில்லு கீது!" என்று அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்தார். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பில் வைத்திருந்தார் மனுஷன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் ஒரு கொத்தை அள்ளிக் கொடுத்தார். மலரின் அப்பா ஒன்றைப் பிரித்தார், இரண்டைப் பிரித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தக் கடை பில்லில் மை மாடி ரூம் சூட்டில் சீக்கிரமே பறந்துவிடும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பை நிறைய வெள்ளைக் காகிதம்.

"சரி. டேக்கு? அதுவும் கடையில குடுத்தாங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதற்குமேல் அவர்கள் உட்காரவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

அன்றைக்கு அண்ணனை நான் பேசாத பேச்சு இல்லை. "உங்க ஆஃபரால என் வாழ்க்கையே போச்சு" என்று கத்தினேன். அவர் ஒவ்வொரு டேக்காக அவிழ்த்துக்கொண்டிருந்தார். மலர் போனை எடுக்கவில்லை. நாலு நாள் நானும் அண்ணனோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை நாள் முழுக்க அவரை ஸ்டோரில் காணவில்லை. சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே சித்தப்பாவிடமிருந்து போன். தாம்பூலம் மாற்ற நாள் குறிக்கச் சொல்கிறார்கள் என்றார். மலரும் போனை எடுத்தாள். நான் நல்லவன் என்று எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதே வாரம் அண்ணனை ஸ்டோரிலிருந்து லோடிங்குக்கு மாற்றினார்கள். வெயிலில் நின்று லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. ஏன்ணா என்று கேட்டேன். "உள்ள ஃபேன் காத்து ஒத்துக்கல, நானே கேட்டு மாத்திக்கினேன்" என்றார். அதையும் நம்பினேன்.

கல்யாணத்தன்று பந்திக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த என் மாமனார், முதல் வரிசையில் நடு இலையில் காம்போ அண்ணனை உட்கார வைத்துத் தானே பரிமாறினார். அண்ணன் சாம்பாரைத் தொட்டுப் பார்த்து, பருப்பு எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன மாமா இவ்வளவு கவனிப்பு என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா மாப்ள? அந்தாளு அந்தச் சனிக்கெழம ரெண்டு பஸ் மாறி எங்க வூட்டுக்கு வந்தாரு. கம்பெனி மேனேஜராண்ட அவரே போயி, டேக்க நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கீறாரு. கேன்டீன் ஸ்டாக்க எண்ணிப் பாத்து எழுதிக் குடுங்கன்னு கேட்டுக்கீறாரு. ஒண்ணும் கொறையலன்னு எழுதிக் குடுத்துட்டு, டேக்க எடுத்ததுக்கு இவருக்கு மெமோவும் குடுத்தாங்க. ரெண்டையும் எடுத்துனு வந்து என் கையில குடுத்து, பையன் மேல ஒரு தப்பும் இல்லன்னாரு. இருபது வருசமா கேட்ல நிக்கிறேன். தானா வந்து நான் எடுத்தேன்னு சொன்ன ஒருத்தனையும் பாத்ததில்ல. நான் பொண்ணு குடுத்தது உன்ன நம்பி இல்ல மாப்ள. இப்டி ஒரு ஆளு உங்கூட கீறான்னு நம்பித்தான்."

இலையிலிருந்து எழுந்து கை கழுவப் போன அண்ணனை மடக்கினேன். எனக்கு வந்தது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏன்ணா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணிருப்ப? வேணாம்னு கத்திருப்ப. பன்னெண்டு வருசம் உள்ளயே இருந்தாச்சு, வெளிய நின்னா இன்னா இப்போ? போடா, பொண்ணு தனியா நிக்குது பாரு."

மேடையில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். நான் எதுக்குடா, சட்டையில் சாம்பார் கொட்டியிருக்கிறது, விடுடா என்று படியேறும்வரை ஒரே அடம். அந்த நேரத்திலும் மனுஷன் என் உயிரை வாங்கினார். அந்தப் படத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.