வழவழப்பைக் கழுவியவள் எழுதுவது

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணனும் சௌக்கியம் என்றும், உங்கள் மூட்டுவலி மட்டும் சௌக்கியமாக இல்லை என்றும் நம்புகிறேன்.

பத்து நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். அதுவும் பாப்பா தூங்கிய பிறகு, சமையல் மேடையில் நின்றுகொண்டே. “காப்பகத்துல பாப்பா ஒட்டலைன்னா சொல்லு, அடுத்து வர்ற செவ்வாய்க்கிழமையே வந்து தூக்கிட்டுப் போயிடறேன், ரெண்டு வயசு வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்” என்று எழுதியிருந்தீர்கள். அன்பினால் எழுதியதுதான், தெரியும். ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பால் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கிருமி எண்ணுகிறவள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் வீட்டிலும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பாட்டில், கிலுகிலுப்பை, காப்பகத்துக்கு அனுப்பும் விரிப்பு எல்லாமே தினமும் வெந்நீரில் ஒரு கொதி கொதித்துத்தான் வெளியே வரும். உங்கள் தம்பியின் மூக்குக்கண்ணாடியைக்கூட ஒருநாள் போட்டுவிட்டேன், சட்டம் வளைந்துபோனது, அதை விடுங்கள். அவருடைய சிப்பிப் பண்ணையில் தொட்டிக் குழாய் பழுது என்று அறுபது டைல்ஸ் துண்டுகளைக் கொண்டுவந்து, நம் வீட்டுப் பின்கட்டில் கடல்நீர்த் தொட்டியில் மூன்று வாரமாக ஊறவைத்திருந்தார். “தொடாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு நாள் வெளியூர் போனார். ஏன் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். அறுபதிலும் பழுப்பும் பச்சையுமாக ஒரு வழவழப்பு, பாப்பா தவழ்ந்து போகும் தூரத்தில். ப்ளீச்சிங் பவுடர் போட்டு, பாட்டில் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, கொதிநீர் விட்டு, வெயிலில் காயவைத்துவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னின. திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் நின்றார்.

“யாரு கழுவினது?”

“நான்தான். எவ்வளவு அழுக்கு தெரியுமா?”

“அது அழுக்கில்லம்மா. மூணு வாரமா வளத்தது.”

அப்புறம்தான் விஷயமே வந்தது. சிப்பிக் குஞ்சு பிறந்ததும் ஊர் சுற்றும். கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தண்ணீரில் நீந்திக்கொண்டே இருக்கும். வயது வந்ததும் அதற்கு ஒரு குட்டிக் காலும் கண்ணும் முளைக்கும். அந்தக் காலால் அடியில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டு ருசி பார்த்துக்கொண்டு போகும். பாக்டீரியா படர்ந்த வழவழப்பிலிருந்து கசியும் ரசாயனமும், பெரிய சிப்பிகள் விடும் வாடையும் பட்டால்தான், நம்ம ஆட்கள் இருக்கிற இடம் என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் காலும் கண்ணும் போய் வேறு உருவமாகிவிடும். வாடை இல்லாவிட்டால் இன்னும் சில நாள் அலையும். அதற்குமேல் தாங்காது. “நாளைக்குக் குஞ்சு வந்துடும். உன் டைல்ஸைத் தொட்டுப் பாத்துட்டு, ஆஸ்பத்திரின்னு நெனச்சு ஓடிடும்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

மறுநாள் காப்பகத்து ஆயாம்மா என்னை நிறுத்தினார். “உங்க பொண்ணு எந்தப் பாயிலயும் தங்க மாட்டேங்குதும்மா. ஒவ்வொண்ணா போய்த் தடவிப் பாக்குது, மோந்து பாக்குது, அழுதுகிட்டே வாசலுக்கு வந்துடுது.” கொதிக்கவைத்த விரிப்பை எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை, அண்ணி. பாப்பாவும் இல்லை, நானும் இல்லை. வீட்டுக்கு ஓடி, மூன்று நாளாகத் துவைக்காத என் பழைய புடவையை எடுத்துவந்து விரித்தேன். பால் கறை, வியர்வை, மஞ்சளாக ஏதோ ஒன்று, என்னவென்று நான் விசாரிக்கவில்லை. பாப்பா அதில் மூக்கைப் புதைத்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், கால்மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். ஆயாம்மா சொன்னார்: “படிச்சவங்க இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்.”

அன்றைக்கே அரைநாள் லீவு போட்டுப் படகுத்துறைப் படிக்கட்டுக்குப் போனேன். பாசியை வழித்து வழித்து பாப்பாவின் பாட்டிலில் நிரப்பினேன். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நடந்தார்கள். உங்கள் தம்பி பாட்டிலைப் பார்த்து, “கொதிக்கவெச்சதா?” என்றார். “பாவம், செத்துடும்னு வெறும் தண்ணியிலதான் அலசினேன்” என்றேன். மனிதர் ஊரிலிருந்து வந்தபின் முதல் தடவையாகச் சிரித்தார். அதை டைல்ஸ் மேல் ஊற்றி, பெரிய சிப்பிகள் கிடந்த தண்ணீரையும் கலந்து, வந்த குஞ்சுகளை அதில் விட்டுக் காத்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒரே டைல்ஸில் எழுபத்து மூன்று குஞ்சுகள். எண்ணியது நான்தான், எனக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கிறதே. புடவை போன நாளிலிருந்து பாப்பாவும் காப்பகத்தில் அழவே இல்லை.

எனவே அண்ணி, பாப்பா நன்றாக ஒட்டிக்கொண்டாள். நீங்கள் செவ்வாய்க்கிழமை வண்டி ஏறி, முட்டியை நோகடித்துக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. அண்ணனுக்கு எங்கள் வணக்கம். உங்கள் ஆசி மட்டும் தபாலில் வந்தால் போதும், பாப்பா தலையில் நானே தடவிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று சாயங்காலம் அழைத்துவரப் போனேன். பாப்பா ஆயாம்மாவின் இடுப்பை விட்டு வரமாட்டேன் என்றாள். இழுத்தால் அலறுகிறாள். என் புடவையைக் காட்டினேன். அதை வாங்கி ஆயாம்மாவின் தோளில் போட்டுவிட்டு அங்கேயே சாய்ந்துகொண்டாள். சிப்பி ஒருமுறை ஒட்டினால் ஆயுசுக்கும் நகராது என்று உங்கள் தம்பி இப்போதுதான் சொல்கிறார். ஒரு மணி நேரம் கெஞ்சித்தான் வீடு வந்தோம். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இது கிடைத்த அன்றைக்கே கிளம்பி வாருங்கள். தூக்கிக்கொண்டு போக அல்ல, பெயர்த்தெடுக்க. வரும்போது புடவையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.