இசைப்பெட்டிக்குப் பேய் பிடித்த கதை

நாற்பத்தெட்டாவது வயதில் எவேலியோவுக்கு ஞானம் பிறந்தது. தான் பிறந்தது சீஸ் ரொட்டி சுட அல்ல, சல்சா ஆட!

“டிசம்பர் ஊர்வலத்துல மிரேயா டீச்சர் நடனக் குழுவோட ஆடப்போறேன். சம்பளத்துக்கு!” என்று மனைவி நூபியாவிடம் முழங்கினான்.

“அப்ப மாவை யார் பிசையறது?”

“நீதான்.”

“இடுப்பு வளையுமா ராசா?”

“வளையாம?”

“போன வாரம் செருப்பெடுக்கக் குனிஞ்சே. நாலு பேர் சேர்ந்துல்ல நிமிர்த்தினோம்!”

சல்சாவுக்குப் பேர்போன காலி என்ற அவர்கள் ஊரில், இசைத்தட்டை அதற்குரிய வேகத்தில் சுழலவிட்டு ஆடுபவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. வேகத்தைக் கூட்டி, கால் தரையில் பாவாமல் ஆட வேண்டும். முதல் நாள் எவேலியோவும் அப்படித்தான் ஆடினான். பாதிப் பாட்டிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, இசைப்பெட்டியின் வேகக் குமிழைக் குறைத்தான். ஆகா, கால் சொன்னபடி கேட்டது! குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முன் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

ஒரே தொல்லை. தினமும் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு வந்து பார்த்தால், குமிழ் மறுபடியும் வேகத்தில் நிற்கும்.

“பெட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு நூபியா!”

“பழைய பெட்டி, தானா நழுவும்” என்றாள், வியர்வையைத் துடைத்தபடி. அடுப்புச் சூட்டில் கிடந்து வேகிறாளே என்று எவேலியோ மனம் இளகினான்.

தேர்வு நாளன்று நூபியாவும் ரொட்டிக் கூடையோடு கூடவே வந்தாள்.

“ஜோடியாத்தான் ஆடணும். உங்க ஜோடி எங்கே?” என்றார் மிரேயா டீச்சர்.

எவேலியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக நூபியாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

“சும்மா நில்லு, போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மூன்றாவது சுற்றில் எவேலியோவின் வலது கால் இடது காலோடு சண்டை பிடித்தது. நான்காவதில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். நூபியாவின் கால்களோ கண்ணுக்கே அகப்படவில்லை. பாட்டு முடிந்தபோது அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

“எத்தனை மாசப் பயிற்சி?” என்றார் டீச்சர்.

“மூணு மாசம். தினமும் இவன் ரொட்டி போடப் போற நேரத்துல.”

“நாளைக்கே வந்துடும்மா. ஜோடிக்கு நல்ல ஆளாத் தர்றேன்.”

வீடு வரும்வரை ரொட்டிக் கூடையை எவேலியோதான் சுமந்தான். சமையலறை வாசலில் அதை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான்.

“நூபியா... அப்ப மாவை யார் பிசையறது?”

தன் ஏப்ரனை எடுத்து அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

“குனி ராசா, வளையுதான்னு பார்ப்போம்.”