தாரணி போட்ட நாலு கோமாளி மீன்கள்

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? மழை விடாமல் பெய்கிறதே, சளி இருமல் ஒன்றும் இல்லையே? ஆளுக்கொரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அலோர் காஜா ஊரில் தாரணி பட்ட பாடு இது.

"என்னங்க, ஆரஞ்சு அரிசி டப்பா ஏன் முக்காவாசி காலியா இருக்கு?"

லோரி கம்பெனி அலுவலகத் தரையில் நாலு கோமாளி மீன்களுக்குக் கோடு இழுத்துவிட்டு, தாரணி கைப்பேசியில் கத்தினாள்.

கணவன் காளிதாஸ் தயங்கினான். "அது கோலத்துக்கா? பிரியாணிக்குன்னு நெனச்சு நேத்து ஆக்கிட்டேன்."

"ஐயோ! அதான் கொழகொழன்னு இருந்துச்சா?"

"நீயுந்தான் ரெண்டு தட்டு சாப்பிட்ட. கேசரிப் பவுடர்தானே, ஒண்ணும் ஆவாது லா!"

அவளுக்கு வயிற்றைப் பற்றிக் கவலை இல்லை. தீபாவளி அரிசிக் கோலப் போட்டியில் மூன்று வருஷமாகக் கணக்குப் பிரிவு புவனேந்திரனே ஜெயிக்கிறான். சுழற்கோப்பையில் பேனா போட்டு வைத்திருக்கிறான். இந்த முறை தோற்பவர் ஜெயித்தவருக்கு ஒரு வருஷம் கோப்பி கலக்க வேண்டும் என்று இருவருக்கும் எல்லார் முன்னாலும் பந்தயம். பரிசு தருபவரும் நடுவரும் அலங்கார மீன் கடை அங்கமுத்து. அதனால் தலைப்பு 'கடல்'.

டப்பாவின் அடியில் கொஞ்சம் ஆரஞ்சு மிச்சமிருந்தது. மீன் படத்தைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் குனிந்து முதல் மீனைப் போட்டாள். மீதி ஆரஞ்சு நாலாவது மீனுக்குப் போனது. இரண்டாவதற்குச் சிவப்புதான் இருந்தது.

"தக்காளி மாதிரி இருக்குக்கா," என்றாள் உதவிக்கு வந்த நளினி.

"வாய மூடு. மூணாவதுக்குக் கறுப்ப எடு."

"கறுப்பு இன்னும் ஈரமா இருக்கேக்கா."

"அப்ப காத்தாடிய இழுத்துட்டு வா!"

நளினி இழுத்தாள். வயர் மாட்டி, வெள்ளை அரிசி டப்பா நாலாவது மீன்மேல் கவிழ்ந்தது. தாரணி கையால் வழித்தாள். வழிக்க வழிக்க வெள்ளை அரிசி மீன் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பரவியது. மிஞ்சிய வெள்ளை, கறுப்பு மீனுக்கு மூன்று பட்டையும் சிவப்பு மீனின் தலைக்கு ஒரு பட்டையும் போடத்தான் காணும்.

புவனேந்திரன் எட்டிப் பார்த்தான். "என்னா தாரணி, இந்த மீனுக்கு அம்மை போட்டிருக்கா? நாளையிலேருந்து எனக்குக் கோப்பில சீனி கம்மி, ஆமா!"

அங்கமுத்து வந்தார். புவனேந்திரனின் திமிங்கிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். தாரணியின் கோலத்தருகே குந்தி உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"இது யாரு வேலை?"

தாரணி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நளினி பிடித்து முன்னே தள்ளினாள்.

"நாந்தாண்ணே... வந்து, அரிசி..."

"அடேயப்பா! தக்காளிக் கோமாளி, தலையில ஒரே பட்டை! இது கறுப்புக் கோமாளி, மூணு பட்டையும் கணக்கா நிக்குது. இதப் பாருங்க, வெள்ளை கன்னாபின்னான்னு ஓடுதே, இதுதான் ஸ்னோஃப்ளேக் கோமாளி. இந்த மாதிரி திட்டு விழணும்னு எத்தனை பேரு வருஷக்கணக்கா வளக்குறான் தெரியுமா! முப்பது வருஷமா மீன் விக்கிறேன், வகை தெரிஞ்சு கோலம் போட்ட ஆள இன்னைக்குத்தாம்மா பாக்குறேன். முதல் பரிசு!"

கைதட்டல் அடங்கவே இல்லை. புவனேந்திரன் கோப்பையிலிருந்த பேனாக்களைக் கொட்டினான்.

"எனக்குக் கோப்பி கட்டியா வேணும், புவனேந்திரன்," என்றாள் தாரணி. "சீனி ரெண்டு கரண்டி."

கிளம்பும்போது அங்கமுத்து அவள் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அந்த மொத ஆரஞ்சு மீன மட்டும் கூட வந்த பிள்ளகிட்ட விட்டுட்டியாம்மா? மூணு பட்டை இருக்கணும், ரெண்டுதான் இருக்கு."

உங்கள் ஆபிஸ் கோலத்தில் நடந்த கூத்து என்ன? மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.