வெளிக்கிடுவம் அண்ணையும் வெள்ளைப் பட்டி போட்ட புரூனோவும்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடிக்காத ஒரே மனிதர் வெளிக்கிடுவம் அண்ணைதான். பாதிக் கோப்பையில் எழும்பி, "சரி, வெளிக்கிடுவம்" என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவார். தனியாக வந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார். கல்யாண வீட்டில் தாலி ஏறுமுன் வெளிக்கிடுவார். செத்த வீட்டில் பிரேதத்துக்கு முன் வெளிக்கிடுவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. இனியாவது மனிசன் ஓரிடத்தில் இருப்பார் என்று நினைத்தோம். எங்கே! வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு ட்ராம் ஏறி, எங்கோ இறங்கி, பொலிஸ்காரரோடு வீடு வந்து சேர்ந்தார். வாசலில் அந்தப் பொலிஸ்காரரிடமும் "சரி, வெளிக்கிடுவம்" என்றாராம்.

கடைசியில் மருத்துவக் காப்புறுதி அவருக்கு ஒரு வழிகாட்டி நாயைக் கொடுத்தது. புரூனோ என்று பெயர். முதுகில் வெள்ளைப் பட்டியும் கைபிடியும். நாயைப் பழக்கிய ஜெர்மன்காரி கறாரான மனுஷி. இரண்டு பேரும் சேர்ந்து வீதியில் நடந்து ஒரு பரீட்சையில் தேற வேண்டும், தேறாவிட்டால் நாய் திரும்பிப் போய்விடும் என்று சொல்லிவிட்டாள்.

"நாயைக் கொண்டுபோனால் நான் வீட்டுக்குள்ளை கிடந்தே செத்துப்போவன், பிள்ளை" என்றார் அண்ணை என்னிடம். அவர் பகிடி விடாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்களை எல்லாம் வாடா போடா என்கிற மனிசன், நாய்க்கு மட்டும் மரியாதை கொடுத்தார். "புரூனோ ஐயா, ஸிட்ஸ் பண்ணுங்கோ" என்பார். உட்கார் என்பதற்கு ஜெர்மனில் 'ஸிட்ஸ்' போதும். பயிற்சிக்காரி தலையில் கையை வைத்தாள்.

"ஏன் அண்ணை, நாய்க்குப் போய் இவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன்.

"அவர் வேலையிலை நிக்கிறார். நீ சும்மா நிக்கிறாய்" என்றார்.

ஒருநாள் பேக்கரியில் பாண் விற்கிறவள், கதவில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைக் காட்டி, உள்ளே விட ஏலாது என்றாள். படத்தைக் காட்டி என்ன பயன், மனிசனுக்குக் கண் தெரியாதே! அண்ணை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இது நாயில்லை, ஹில்ஃப்ஸ்மிட்டல்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். உதவிக் கருவி என்று அர்த்தம், மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி மாதிரி. "உள்ளை வாற சனம் எல்லாம் கண்ணாடியை வெளியிலை கழட்டி வைச்சிட்டோ வருகுதுகள்?" பின்னால் நின்ற கிழவிகள் கைதட்ட, உதவிக் கருவி வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது.

ஜெர்மன்காரரைச் சமாளித்துவிட்டார். எங்கள் சனத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. வந்தவருக்குச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பத் தெரியாத சாதி நாங்கள். எங்கள் பலசரக்குக் கடையில் என் வீட்டுக்காரர் புரூனோவுக்கு இறைச்சி ரோல்ஸ் ஊட்டினார். பக்கத்து நகைக்கடை அக்கா வடை கொடுத்தா. முடிவெட்டுகிற தம்பி பிஸ்கட் கொடுத்தான். பட்டி போட்ட நாயைத் தொடவும் கூடாது, தீன் போடவும் கூடாது என்பது யாருக்குத் தெரியும்? புரூனோ நடைபாதை விளிம்பில் நிற்பதை மறந்து, தமிழ்க் கடைகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. வைத்தியரிடம் போக வெளிக்கிட்ட அண்ணை எங்கள் ரோல்ஸ் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

அன்றைக்கு அவருக்கு விசர் பிடித்துவிட்டது. கடை கடையாக ஏறினார். "பரீட்சை அண்டைக்கு ஒரு குஞ்சு குருமனும் நாயைப் பாக்கக் கூடாது, தொடக் கூடாது, மூச்சு விடக் கூடாது! வாயைத் திறந்தியள் எண்டால் கொன்றுபோடுவன்!"

பரீட்சை நாளும் வந்தது. என் வீட்டுக்காரர் ரோல்ஸ் பெட்டியைத் தூக்கி உள்ளே ஒளித்தார். அண்ணை வந்தார், பின்னால் பரீட்சகரும் பயிற்சிக்காரியும் வந்தார்கள். வழக்கமாக அண்ணையைக் கண்டால் என் வீட்டுக்காரர், "அண்ணை, முருங்கைக்காய் வந்திருக்கு!" என்று கத்துவார். அக்கா சுகம் கேட்பா. தம்பி "தாடி வளர்ந்திட்டுது" என்பான். அன்றைக்கு எல்லாரும் மண் பொம்மை மாதிரி நின்றோம்.

எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் அண்ணை டக்கென்று நின்றுவிட்டார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"ஆரும் நிக்கிறியளோ?" என்றார், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிசன் இத்தனை நாளும் எங்கள் குரல்களைக் கேட்டுத்தான் தெருவை அறிந்திருக்கிறார்! ஐயோ, 'அண்ணை' என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பரீட்சகர் பயிற்சிக்காரியைப் பார்த்தார். புரூனோ எங்கள் கதவுப் பக்கம் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பழக்கிக் கொடுத்த ஜெர்மன் சொல் ஒன்றும் அண்ணைக்கு வரவில்லை. குனிந்து, அழுவாரைப் போல, "ஐயா, எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேணும். வெளிக்கிடுவம்" என்றார்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்ட சொல்! புரூனோ மூக்கை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது. ரோல்ஸ் மணத்தை விட்டுத் திரும்பி, நடைபாதை விளிம்பில் நின்று, பச்சை விளக்கின் டிக்டிக் சத்தம் கேட்டதும் அவரைக் குறுக்கே கூட்டிக்கொண்டு போனது.

தேறிவிட்டார்கள். பின்னேரம் கடைக்குள் வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தினார். "நாயோடை கதைக்காதேங்கோ எண்டுதானே சொன்னனான்? என்னோடை கதைக்க வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? வேறை ஊருக்கு வந்திட்டன் எண்டு பயந்துபோனன்!"

"நீங்கள்தானே அண்ணை கொன்றுபோடுவன் எண்டியள்?"

"சொன்னால்? உடனை கேட்டிடுவியளோ?"

நான் தேத்தண்ணி கொடுத்தேன். பாதிக் கோப்பையில் புரூனோ பழக்கப்படி எழும்பி நின்றது. "பொறுங்கோ ஐயா" என்று அதன் தலையைத் தடவினார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வெறுங்கோப்பையை என் பக்கம் நீட்டி, "இன்னொண்டு போடு பிள்ளை, என்னோடை ஏதாவது கதை" என்றார். கண் நிறைந்துவிட்டது எனக்கு, தேத்தண்ணிக் கேத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.